அறுபத்திரண்டாம் எண் வில்லை

எங்கள் ஊர்ப் பீங்கான் ஆலையின் வாயிலில் இரண்டு கரும்பலகைகள் அடுத்தடுத்து நின்றன. இடப்பக்கத்துப் பலகையின் தலையில் 'வெளியே' என்றும் வலப்பக்கத்துப் பலகையின் தலையில் 'உள்ளே' என்றும் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருந்தார்கள். இரண்டிலும் வரிசை வரிசையாக ஆணிகள்; ஒவ்வோர் ஆணியின் கீழும் ஓர் எண். தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் அவருடைய எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. காலைச் சங்கு ஊதுமுன் வருபவர் தம் வில்லையை இடப்பலகையிலிருந்து கழற்றி வலப்பலகையில் மாட்டிவிட்டு உள்ளே போவார். மாலையில் வெளியேறும்போது அது மீண்டும் இடப்பலகைக்கு வரும். நான் இன்று வில்லை என்கிறேன். அன்று விருத்தாசலத்தில் அதனை டோக்கன் என்று சொல்லாதவர் எவரும் இலர்.

என் அப்பாவின் எண் அறுபத்திரண்டு. எனக்கு எண்ணும் எழுத்தும் கைவந்த புதிது. மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து திரும்பும்போது ஆலை வாயிலில் நின்று கம்பிவலைக்குள் எட்டிப் பார்ப்பேன். அறுபத்திரண்டு வலப்பலகையில் தொங்கினால், "அப்பா உள்ள இருக்காங்க" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவேன். அந்தப் பித்தளைத் துண்டுதான் என் அப்பா என்பது போல ஒரு நிறைவு. அப்பாவும் அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டிருந்தார். "போர்டு பொய் சொல்லாதும்மா" என்பார்.

பலகை பொய் சொல்லாது என்பது உண்மையே. ஆனால் அதில் மாட்டுகிற கைகளைப் பற்றி அவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. மங்கலம்பேட்டையிலிருந்தோ கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தோ வரவேண்டிய ஒருவருக்குப் பேருந்து பிந்திவிட்டால், முன்னரே வந்த நண்பர் அவருடைய வில்லையையும் சேர்த்து வலப்பலகைக்கு மாற்றிவிடுவது ஆலையின் எழுதாத வழக்கம். சங்கு ஓய்ந்ததும் நேரக் காவலர் பலகைகளின்மேல் வலைக்கதவை இழுத்துப் பூட்டிவிடுவார். பிந்தி வந்தவர் களிமண் மேட்டுக்குப் பின்னால், இருப்புப்பாதையை ஒட்டி வேலி கிழிந்திருந்த இடத்தில் குனிந்து நுழைந்து, காலையிலிருந்தே அங்கு நின்றவர் போல வேலையில் கலந்துகொள்வார். நேரக் காவலருக்கு இது தெரியாததன்று. தம் கையில் தேநீர்க் குவளை இருக்கும் வரையில் பலகைப் பக்கம் திரும்புவதில்லை என்பது அவர் கடைப்பிடித்த நெறி.

பல்லாண்டுகள் கழித்து, ஒரு கல்லூரியில் கணிப்பொறியியலின் தொடக்கப் பாடத்தைக் கற்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தரவு வேறு, தகவல் வேறு என்பதே அதன் முதல் பாடம். இயந்திரத்துக்குள் நாம் இடுகிற எண்ணும் எழுத்தும் தரவு. அதனை ஒழுங்குபடுத்தி, ஒருவர் கேட்ட வினாவுக்கு விடையாக்கினால் தகவல். பாடநூல் மாணவர்களின் மதிப்பெண்களை எடுத்துக்காட்டாகக் கொடுத்திருந்தது. நானும் அதையே சொன்னேன். சொல்லும்போதெல்லாம் என் மனக்கண்ணில் தோன்றியது மதிப்பெண் பட்டியலன்று, வலப்பலகையில் தொங்கிய அறுபத்திரண்டு.

அப்பாவுக்குச் சூளையில் வேலை. பெரிய வட்டச் சூளை. செங்கல்லால் கவிகை போல வளைத்து மூடியது. சூடு ஏற்றும் நாள்களில் அவர் அடுப்பு வாய்களில் நெருப்பைப் பார்த்துக்கொள்வார். சூடு ஆறிச் சூளையைத் திறக்கும் நாளில், மற்றவர்கள் உள்ளே சென்று பீங்கான் அடுக்கிய மண்பெட்டிகளை வெளியேற்ற, அவர் சூளையின் பின்புறத்துச் சாம்பல் குழிக்குள் இறங்கித் தனியே துப்புரவு செய்வார். குழிக்குள் இருப்பவரை முன்புறத்தில் இருப்பவர் பார்க்க இயலாது. இந்த ஒரு செய்தியை நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அன்றைய நடுக்கமெல்லாம் இதிலிருந்து விளைந்தது.

அந்தப் பங்குனி மாதத்தில் சில நாள்களாக அப்பா இரவு உணவின்போது ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார். சூளையின் மேல்வளைவில் விரிசல் ஓடியிருக்கிறது என்றும், கீழே நிற்பவர் தோளில் செங்கல் தூள் விழுகிறது என்றும் மேலாளரிடம் முறையிட்டிருக்கிறார்.

"மேல பொடி உதிருதுங்கன்னு சொன்னேன். ஒந்தலையில பொடுகு இருக்குதா பாருன்னு சொல்றாரு. நாலு பேரு சிரிக்கிறான் அதுக்கு."

"எல்லாரும் சும்மாதானே இருக்காங்க? ஒங்களுக்கு மட்டும் என்னா உறுத்துது?" என்றாள் அம்மா.

"அடியில நிக்கிறவன் நான்ல? கடலூர்ல ஃபேக்டரி இன்ஸ்பெக்டரு ஆபீஸு இருக்குதாம். போய் ஒரு வார்த்த சொன்னா வந்து பாப்பாங்களாம்."

அம்மா சோற்றுக் கரண்டியைத் தட்டில் வைத்தாள். "மேனேஜரு என்னா சொன்னாருன்னு மறந்துபோச்சா?"

மேலாளர் சொன்னது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆள்களை வரிசையில் நிறுத்தி, மென்மையான குரலில் சொல்லியிருந்தார்: காம்பவுண்டுக்குள் நடப்பது காம்பவுண்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியே போய்ப் பேசுகிறவன் தன் டோக்கனையும் கையோடு வெளியே எடுத்துப் போய்விடலாம். அப்பா கை கழுவ எழுந்துவிட்டார். எனக்கோ, கடலூர் என்ற சொல்லிலிருந்து கடலொன்றே மனத்தில் நின்றது. கடலைப் பார்க்காத பிள்ளை நான்.

சூளையைத் திறக்கவேண்டிய நாள் வந்தது. நான் விழிக்குமுன்னே அப்பா புறப்பட்டுப் போயிருந்தார். நானும் தோழி ஒருத்தியும் பள்ளிக்கு நடந்தோம். பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையில் ஒரு பேருந்து உறுமிக்கொண்டு திரும்பியது. பேருந்துகளின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரைத் தோழிக்குமுன் படித்துவிடுவது எனக்கு அக்காலத்தில் பெரும் பெருமை. படித்தேன். அப்படியே கண்ணைத் தாழ்த்தியபோது சன்னலோரத்தில் அப்பா அமர்ந்திருந்தார். முழங்கால்களுக்கிடையே குடை ஒன்று நின்றது. அதன் உச்சியில் வெள்ளையாக ஏதோ மின்னியது. நான் கையை உயர்த்தினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சிரிக்காமல், முகத்தை உட்புறமாகத் திருப்பிக்கொண்டார். பேருந்து போய்விட்டது.

என்னைப் பார்த்து அப்பா சிரிக்காமல் இருந்ததே இல்லை. ஆகவே, அவர் அப்பா அல்லர், அப்பாவைப் போன்ற வேறொருவர் என்று முடிவு செய்தேன். எட்டு வயதின் தருக்கம் அது. இன்றும் அதில் பெரிய பிழை எனக்குத் தென்படவில்லை. கையில் இருந்த தரவைச் சரியாகத்தான் கூட்டினேன். விடைதான் தவறாகிவிட்டது.

உணவு இடைவேளைக்கு நெடுநேரம் முன்பாகவே ஆலைச் சங்கு ஊதியது. நேரத்துக்கு ஊதுகிற சங்கு சற்று முழங்கி ஓயும், இது ஓயவில்லை. ஆசிரியை எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். ஆலையில் பெற்றோர் உள்ள பிள்ளைகள் எவரிடமும் விடைபெறாமல் எழுந்து ஓடினோம். வழியில் அம்மா, சேலைத் தலைப்பு தோளில் நில்லாமல் சரிய, என்னைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் அவள் பின்னால் ஓடினேன்.

வாயிலில் பெண்கள் கூடியிருந்தார்கள். இரும்புக் கதவின் கம்பிகளுக்கிடையே முற்றமும் அதற்கப்பால் சூளையும் தெரிந்தன. சூளையின் கவிகையில் முன்பாதியைக் காணவில்லை. அந்த இடத்தில் வெள்ளைத் தூசி எழுந்து நின்றது. பின்பாதி, எதன்மேல் நிற்கிறது என்று தெரியாமல், சாம்பல் குழியின்மேல் சாய்ந்து தொங்கியது. அதிலிருந்து செங்கற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. ஒரு கல் விழும். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு கல்.

நேரக் காவலர் பலகையின் முன் நின்று, மீட்கப்பட்டவர்களை எண்ணால் அறிவித்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு வந்துட்டான். கால்ல அடி, பயப்படாதீங்க. நாப்பது வந்துட்டான். அம்பத்தொண்ணு வந்துட்டான்."

ஒவ்வோர் எண்ணுக்கும் கூட்டத்தில் ஒரு பெண் அழுதாள்; அது மகிழ்ச்சியின் அழுகை. சாக்கில் தூக்கிவரப்பட்டவர்கள் எங்களைக் கடந்து லாரியில் ஏற்றப்பட்டார்கள்.

"அறுபத்திரண்டு மட்டும் உள்ள இருக்கான்."

"அறுபத்திரண்டு எம் வூட்டுக்காரருங்க" என்றாள் அம்மா. குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கம்பிவலைக்குள் விரலை நுழைத்து அந்த வில்லையைத் தொட்டாள். அது சற்று அசைந்து, மீண்டும் தன் இடத்தில் நின்றது.

லாரியில் கிடந்த ஒருவரிடம் அம்மா ஓடினாள். அவர் தலையிலும் புருவத்திலும் தூசி. "நாங்க முன்னால இருந்தோம் தங்கச்சி. அவரு எப்பவும் போல குழியில எறங்கியிருப்பாரு. நாங்க யாரும் பாக்கல" என்றார். இருப்பார் என்றுதான் சொன்னார். இருந்தார் என்று சொல்லவில்லை. அந்த வேறுபாட்டைப் பிரித்தறியும் நிலையில் அங்கு எவரும் இல்லை.

சூளை மேஸ்திரி முற்றத்தின் நடுவில் நின்று கத்தினார். "கூப்புட்டுப் பாத்தாச்சு, சத்தம் வரல. குழியில எறங்கித்தான் பாக்கணும். யாராச்சும் ஒருத்தன் என்கூட வாங்கடா."

"மேல பாத்தியா மேஸ்திரி? தும்முனா விழுந்துடும் அது" என்றது ஒரு குரல்.

"அப்ப ஆள அடியில வுட்டுட்டு டீ குடிக்கப் போலாமா?"

மேலாளர் வெயிலில் குடையில்லாமல் நின்றார். முகத்தில் இரத்தமில்லை. அவரைக் கொடியவராகக் காட்டினால் கதை எளிதாகிவிடும். ஆனால் அன்று அவர் சட்டையெங்கும் சூளைத் தூசி படிந்திருந்ததை நான் பார்த்தேன். "டோக்கன் உள்ள இருக்குதுய்யா. ஆள் உள்ளதான் இருக்கான். பாக்காம விட முடியாது" என்றார்.

"நான் வர்றேன்" என்று முன்வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. அப்பாவின் பரிந்துரையால் அந்த ஆண்டுதான் அச்சு வார்க்கும் கொட்டகையில் சேர்ந்திருந்தார். மேஸ்திரி அவர் இடுப்பில் வடக்கயிற்றைக் கட்டத் தொடங்கினார். பெண்கள் மாமாவைப் போற்றினார்கள்; அக்காள் புருஷனுக்காக உயிரையே கொடுக்கிறான் என்றார்கள். அம்மா "தம்பி" என்று ஒரு முறை அழைத்தாள். போ என்கிறாளா, போகாதே என்கிறாளா என்று அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து தெரியவில்லை. ஒருபுறம் கணவன், மறுபுறம் உடன்பிறந்தான். இருவருக்கும் மேலே ஒரே செங்கல் வளைவு. கயிறு கட்டப்படும் நேரமெல்லாம் மாமா சூளையைப் பார்க்கவில்லை. வாயிலில் இருந்த வலப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு அத்தை அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "எம்மா, வெயிலு மண்டையப் பொளக்குது, நீ உக்காரு. ஏ புள்ள, ஓடிப் போய் வூட்லேர்ந்து கொடைய எடுத்தா."

"கொடை இல்லக்கா" என்றாள் அம்மா, சூளையிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலையில பாத்தேன், ஆணியில காணும். அவருதான் எடுத்துட்டுப் போயிருக்காரு."

"குழியில எறங்குற மனுசனுக்கு எதுக்குடி கொடை?"

எங்கள் வீட்டில் ஒரே குடைதான். அதன் கைப்பிடி ஒடிந்தபோது, அப்பா ஆலையில் வார்த்த வெள்ளைப் பீங்கான் குமிழ் ஒன்றைக் காம்பில் பொருத்தியிருந்தார். மழைக்காலத்தில் தெருப் பிள்ளைகள் என்னைக் குமிழ்க்குடைக்காரி என்று கேலி செய்வார்கள். விருத்தாசலத்தில் அப்படியொரு குடை வேறில்லை. அத்தை கேட்ட கேள்வியும், சன்னலில் மின்னிய வெண்மையும், சிரிக்காத அந்த முகமும் என் தலைக்குள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வந்து பொருந்தின.

"கொடை பஸ்ஸுல போச்சு" என்றேன்.

எவரும் கேட்கவில்லை. மீண்டும் உரக்கச் சொன்னேன். "நம்ம கொடை காலையில பஸ்ஸுல போச்சும்மா. அப்பா வெச்சிருந்தாங்க. சன்னல்ல ஒக்காந்திருந்தாங்க. என்னப் பாத்து சிரிக்கல."

அம்மா என் முன் மண்டியிட்டு என் இரு தோள்களையும் பிடித்தாள். "அப்பாவா? நல்லாப் பாத்தியா?"

"குமிழு இருந்துச்சும்மா."

அம்மா எழுந்தாள். "பஸ்ஸுல போனவரு டோக்கனு இங்க எப்படி தொங்குது?"

அந்த வினாவுக்கான விடை அங்கிருந்த ஆண்கள் அனைவருக்கும் தெரியும். ஆகவே ஒருவரும் பேசவில்லை. நேரக் காவலர் தம் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டார். இடுப்பில் கயிற்றோடு மாமா வாயிலுக்கு வந்தார்.

"நான்தாங்க மாட்டுனேன்" என்றார் மேலாளரிடம். பிறகு அம்மாவிடம், "மச்சான்தான்க்கா மாட்டச் சொன்னாரு. எங்க போறீங்கன்னு கேட்டேன், சொல்லல. வெயிலு ஏறுறதுக்குள்ள வந்துடுறேன், வேலி வழியா வந்து குழியில எறங்கிக்கிறேன்னாரு. வந்தாரா வரலியான்னு எனக்குத் தெரியலக்கா. சத்தியமா தெரியல."

சற்றுமுன் வரை அந்தப் பித்தளை வில்லை ஒரு மனிதன் குழிக்குள் இருக்கிறான் என்று எல்லாருக்கும் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மாமா பேசியதும் அது ஊமையாகிவிட்டது. உள்ளே இருக்கிறார் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதே ஆணி, அதே எண். மாறியதெல்லாம், அதை மாட்டிய கை எது என்பதை நாங்கள் அறிந்துகொண்டதுதான். வெயிலோ எப்போதோ ஏறிவிட்டிருந்தது. வந்துவிட்டிருந்தால் அப்பா குழிக்குள் இருக்கிறார்.

"ஏண்டா, முன்னாடியே வாயத் தொறந்து சொல்றதுக்கென்னாடா?" என்று மேஸ்திரி பாய்ந்தார்.

"சொன்னா தேடாம வுட்டுடுவீங்க மேஸ்திரி. வந்திருந்தாருன்னா? அவரு வேலையும் போயி உசுரும் போவும். மாட்டுனவன் நான், நானே எறங்கிப் பாத்துடுறேன்." மாமா கயிற்றை இறுக்கிக்கொண்டு சூளைப் பக்கம் திரும்பினார். சாய்ந்த வளைவிலிருந்து இரண்டு கற்கள் சேர்ந்து விழுந்தன.

அப்போது மேலாளர் கதவைத் திறந்து வெளியே வந்து என்னருகில் குனிந்தார். மெதுவாக, வகுப்பில் கேட்பது போலக் கேட்டார்.

"எந்த பஸ்ஸும்மா?"

மேஸ்திரியும் கையை உயர்த்தி மாமாவை நிறுத்தினார். "ஆமா, அதச் சொல்லு புள்ள. மங்கலம்பேட்ட பஸ்ஸுன்னா இதுக்குள்ள ரெண்டு வாட்டி போயிட்டு வந்திருக்கலாம். எந்த ஊரு போட்டிருந்துச்சு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அது இறுகியது, நகங்கள் சட்டையைக் கடந்து பதியுமளவுக்கு இறுகியது. என் வாயை அவள் பொத்தவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை. ஊர்ப்பெயரைப் படிக்கத் தெரிந்த மகளைப் பற்றி அவளுக்குப் பெருமிதம் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

"கடலூர்" என்றேன், எழுத்துக்கு எழுத்து தெளிவாக.

மேஸ்திரி நீண்ட மூச்சு விட்டார். "கடலூரா? அந்த வண்டி இன்னும் அங்க போய்ச் சேந்திருக்குமோ என்னமோ. போன ஆளு திரும்ப வர்றதுக்கு வழியே இல்ல. டேய், அவுருடா கயித்த!"

மாமா கயிற்றை அவிழ்க்கவில்லை. மேஸ்திரியே அவிழ்த்துவிட்டு, அவரை இழுத்தபடி களிமண் மேடு வரை நடந்தார். அவர்கள் மேட்டை அடைந்து சற்று நேரம்கூட ஆகியிருக்காது. வளைவின் மீதிப் பாதி, இடியோசை எதுவுமின்றி, பெருமூச்சு போன்ற ஓர் ஒலியுடன் குழிக்குள் இறங்கியது. முற்றம் வெள்ளையானது. தூசி அடங்கியபோது குழி இருந்த இடம் தெரியவில்லை. அதற்குள் எவரும் இல்லை.

அம்மா தரையில் அமர்ந்துவிட்டாள். மாமா வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குழந்தை போல அழுதார். பெண்கள் என்னைத் தூக்கிக் கன்னத்தைக் கிள்ளினார்கள். "இந்தப் பொடிசு வாயத் தொறந்ததால ரெண்டு உசுரு தப்பிச்சுது" என்றார் அத்தை. என் வாழ்வில் அத்தனை பேர் என்னைப் போற்றியது அதுவே முதல் முறை.

மேலாளர் அம்மாவிடம் வந்தார். "கடலூர்ல ஒங்களுக்கு யாரு இருக்காங்க?"

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "ஒறவுக்காரங்க இருக்காங்க."

எங்களுக்குக் கடலூரில் உறவினர் இருப்பது எனக்குப் புதிய செய்தி. இருந்தும் ஒரு முறைகூடக் கடலைப் பார்க்க என்னை அழைத்துச் செல்லவில்லையே என்று வருந்தினேன். மேலாளர் தலையை அசைத்தார். போகுமுன் என் தலையில் கையை வைத்து, "கெட்டிக்காரப் பொண்ணு. பஸ்ஸு போர்டெல்லாம் நல்லாப் படிக்குது" என்றார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது குழிக்குள் இறங்கவிருந்தவனைக் காக்கவா, கடலூருக்குப் போனவனைப் பிடிக்கவா என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை. இரண்டுக்காகவும் கேட்டிருக்கலாம். கேட்கத் தொடங்கும்போது ஒன்றாக இருந்து, விடை வந்தபின் மற்றொன்றாகியும் இருக்கலாம்.

மாலையில் அப்பா வந்தார். தெருமுனையில் வெள்ளைக் குமிழ் தெரிந்ததும் நான் ஓடினேன். அதற்குள் யாரோ அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குள் வந்து, குடையை அதன் ஆணியில் மாட்டிவிட்டு அமர்ந்தார். அம்மா அவர் முன் சோற்றை வைத்தாள். அவர் உண்டு முடிக்கும் வரை எதிரிலேயே அமர்ந்து, அவர் கை வாய்க்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாள்களில் கடலூரிலிருந்து அதிகாரி வந்தார். மற்றச் சூளைகளின் மேல்வளைவுகள் பிரித்துக் கட்டப்பட்டன. அந்த வாரமே அப்பாவின் வில்லையைப் பலகையிலிருந்து கழற்றி, ஆலை அவரை வேலையிலிருந்து நீக்கியது. ஆளில்லாமல் வில்லையைத் தொங்கவிட்ட குற்றத்துக்காக என்று சொன்னார்கள். மாட்டிய மாமாவைக் கடிந்துகொண்டதோடு விட்டுவிட்டார்கள் என்பதிலிருந்து, உண்மையான குற்றம் எது என்பதை ஊர் அறிந்துகொண்டது. அப்பா ஆற்றுக்கு அப்பால் ஒரு செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகலானார்.

ஒரே ஒரு சொல்லைத்தான் நான் சொன்னேன். அம்மாவுக்கு அது, கணவன் உயிரோடு இருக்கிறான் என்ற விடை. மேஸ்திரிக்கு, குழிக்குள் ஆள் இல்லை என்ற விடை. மேலாளருக்கு, தம்மைப் பற்றி முறையிடப் போனவன் யார் என்ற விடை. என் பாடநூலில் தரவுக்கும் தகவலுக்கும் நடுவே ஓர் அம்புக்குறி போட்டு, 'செயலாக்கம்' என்று எழுதியிருப்பார்கள். அந்த அம்புக்குறியின் மேல் கேட்பவரின் முகம் ஒன்றையும் வரைந்திருக்கலாம் என்று ஒவ்வோர் ஆண்டும் நினைப்பேன். கேட்கிற முகம் இல்லாதவரை கடலூர் என்பது என் நாவில் வெறும் நான்கெழுத்து. அன்று அந்த முகங்கள் மூன்று என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. என் வாயைப் பொத்தியிருந்தால் கணவனின் வேலை தப்பும், தம்பி குழிக்குள் இறங்குவான். அவள் கை தோளோடு நின்றுவிட்டது.

ஆனால் இவையெல்லாம் பின்னாளில் சேர்ந்த அறிவு. அன்று என் அறிவு எவ்வளவு என்பதற்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்த நாள்களில், வழக்கம்போல ஆலை வாயிலில் நின்று எட்டிப் பார்த்தேன். வலப்பலகையில் அறுபத்திரண்டு தொங்கியது. மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடினேன். அன்று அப்பாவுக்கு ஓய்வு நாள். குடைக் கம்பியொன்று கழன்றிருந்ததை நூலால் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, நம்ம நம்பரு உள்ள தொங்குது! ஒங்களுக்கு வேல திரும்பக் கெடச்சுடுச்சு!"

அம்மாவின் கை தண்ணீருக்குள் நின்றது.

"அது வேற ஆளும்மா" என்றார் அப்பா. "நம்பருதான் அங்க தொங்குது. நான் இங்கதானே இருக்கேன்?"

அப்பா வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நான் சிரித்தேன். அவர் கையிலிருந்த குடையைப் பார்த்ததும், நெடுநாளாக மனத்தில் கிடந்த குறை ஒன்று நினைவுக்கு வந்தது.

"அன்னிக்கு பஸ்ஸுல நீங்கதானே? என்னப் பாத்தீங்கதானே? அப்பறம் ஏன் சிரிக்கல?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அரிசியைப் பார்த்தாள்.

"சிரிச்சா, அப்பாவப் பாத்தேன்னு நீ யார்கிட்டயாச்சும் சொல்லிடுவியேன்னுதான்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து நன்றாக, வழக்கம்போல, முகம் முழுவதும் சிரித்தார்.

அன்று எனக்குச் சேரவேண்டிய சிரிப்பு இன்றாவது வந்து சேர்ந்ததே என்று அதைப் பெற்றுக்கொண்டு, குறை தீர்ந்தவளாய்த் தெருவுக்கு விளையாட ஓடினேன்.